ஒரே நொடியில் இரண்டு கை

அத்தியாயம் 6

"கையெழுத்துப் போடலைன்னா என்ன ஆகும்?" என்று அண்ணி கேட்டாள்.

"மூணு மணிக்கு விசாரணை நடக்கும். போட்டுட்டீங்கன்னா விசாரணை இல்லாமலே முடிஞ்சிடும். எப்படியும் உங்க வேலை போகப் போகுது. நாலு பேர் முன்னால போகணுமா, தனியாப் போகணுமா, அவ்வளவுதான் கேள்வி," என்றார் மேனேஜர். இதைச் சொல்லும்போது சிரித்தார் வேறு.

அவரை அங்கேயே நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அக்கா என் காலை மிதித்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். அண்ணி என்றால் என் மனைவியின் அக்கா. இந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக டெக்னீஷியன். என் கல்யாணத்தன்று என்னை மேலும் கீழும் பார்த்து, "இவரா மாப்பிள்ளை?" என்று கேட்ட ஒரே ஆள். அந்த 'இவரா'வை நான் இன்னும் மறக்கவில்லை. மேனேஜர் என்றால் இந்த ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த கம்பெனியின் மேனேஜர்; விசாரணைக் குழுவிலும் ஒருவர். இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட சிரிப்பு. அக்கா என் பெரியப்பா மகள். துப்பறிவாளர். அதற்கு முன் இருபது வருஷம் சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. நிறையக் கண்டுபிடித்துவிட்டாள் என்பதற்காக அங்கிருந்து அனுப்பப்பட்டாள். அங்கே அவளுக்கு வைத்த பட்டப்பேர் நொட்டை. நொட்டை சொல்வதையே தொழிலாக்கி, வாசலில் பலகையும் மாட்டிவிட்டாள்.

நான் அவளுடைய உதவியாளன். முன்பு பதினாறு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். எனவே அவள் என்னைக் கூப்பிடுவது 'டிக்கெட்'. கேட்டுக் கேட்டு என் மனைவியும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

என் மனைவி கெஞ்சியதால்தான் நாங்கள் இருவரும் வந்திருந்தோம். விஷயம் இதுதான். பதினைந்து நாளுக்கு முன் ஒரு தையல்காரர் நடுரோட்டில் மயங்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். அவருக்குச் சர்க்கரையே இல்லை. ஆனால் இங்கே கொடுத்த ரிப்போர்ட்டில் சர்க்கரை எகிறியிருந்தது. அதை நம்பி மாத்திரை போட்டார், இருந்த சர்க்கரையும் இறங்கிப் போய் விழுந்துவிட்டார். பதறிப் போய்க் கடந்த இரண்டு மாத ரிப்போர்ட்டுகளைப் புரட்டியதில், அதே மாதிரி இன்னும் பத்து. ஆக மொத்தம் பதினொன்று.

"பதினொண்ணுக்குப் பதினொண்ணும் இவங்க ஷிஃப்ட் மேடம். மத்த ரெண்டு டெக்னீஷியன் ஷிஃப்ட்ல ஒண்ணுகூடக் கிடையாது. இதுக்கு மேல துப்பறிய என்ன இருக்கு?" என்றார் மேனேஜர்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் பட்டது. ஐம்பதை நெருங்குகிறாள், கை தடுமாறியிருக்கும் என்று நினைத்தேன். அண்ணியே அப்படித்தான் நினைத்தாள் போலிருக்கிறது. மேஜை மேல் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'என் கவனக்குறைவால் டியூப்களை மாற்றி வைத்தேன்' என்று அதில் அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் உரிமம் ரத்து. அதன் பிறகு எந்த லேபும் வாசலில்கூட நிற்க விடாது. பத்தொன்பது வருஷமும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

அக்கா காகிதத்தை மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அது ஒரிஜினல் மேடம்," என்று மேனேஜர் கை நீட்டினார்.

"இருக்கட்டும். ஒரு சின்னக் கேள்வி. தையல்காரருக்கு வேற யாரோட ரிசல்ட்டோ போயிருக்கு. சரியா?"

"ஆமா."

"அந்த வேற யாரோவுக்கு யார் ரிசல்ட் போச்சு?"

மேனேஜர் தன் ஃபைலைப் புரட்டினார். முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினார். பதினைந்து நாளாக நாலு பேர் கொண்ட குழு இந்த விவகாரத்தை விசாரிக்கிறது. இந்தக் கேள்வி ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அண்ணி எழுந்து போய் ஒரு பெரிய நோட்டைக் கொண்டுவந்தாள். ரத்தம் எடுத்து ரிசல்ட் வராமல் போனவர்களை மறுபடி கூப்பிட்டு எடுப்பார்களே, அந்தப் பதிவேடு. அக்கா பதினொரு தேதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினொன்றிலும், அதே நிமிஷத்துக்கு நேராக, வேறொரு நோயாளியின் பெயர். பக்கத்தில் 'ரிசல்ட் வரவில்லை, சாம்பிள் கெட்டிருக்கலாம், மறு ரத்தம்' என்று எழுதியிருந்தது.

"டிக்கெட், ஒரு கல்யாண வீட்டுல உன் குடையும் என் குடையும் மாறிப் போச்சுன்னா என்ன ஆகும்?"

"உன்னோடது எங்கிட்ட இருக்கும், என்னோடது உங்கிட்ட இருக்கும். உன்னோடது ஓட்டையா வேற இருக்கும்."

"உங்கிட்ட ரெண்டு குடை இருந்து, எங்கிட்ட ஒண்ணுமே இல்லைன்னா?"

"அது மாறினது இல்லக்கா. அது வேற வேலை."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று அக்கா மேனேஜரைப் பார்த்தாள். "டியூப் மாறியிருந்தா ரெண்டு பேருக்கும் தப்பு ரிசல்ட் வந்திருக்கணும். இங்க ஒருத்தருக்கு ரெண்டு வந்திருக்கு, இன்னொருத்தருக்கு ஒண்ணுமே வரல. பத்து விரலும் தடுமாறினாலும் இந்தத் தப்பை மனுஷக் கை பண்ண முடியாது. வாங்க, மெஷினைப் பாக்கலாம்."

அண்ணி அப்போதுதான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள்.

பரிசோதனைக் கூடம் நீளமான அறை. ஜன்னலோரம் குளிர்பெட்டி, நடுவில் மேஜை. மேஜையின் இடது கோடியில் ஒரு மெஷின், வலது கோடியில் அதே மாதிரி இன்னொன்று. டியூபைச் செருகி, மேலே இருக்கும் பச்சைப் பொத்தானைத் தட்டினால் சரியாகத் தொண்ணூறு நொடியில் ரிசல்ட். இரண்டு மெஷினிலிருந்தும் ஒயர் போய் ஒரே கம்ப்யூட்டரில் சேர்கிறது. கம்ப்யூட்டருக்கு மேலே கம்பெனி மாட்டிய பலகை: 'நிலுவைப் புகார்கள்: 0'. பூஜ்யத்தைச் சுற்றித் தங்க நிறத்தில் வட்டம் போட்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் கம்பெனியின் புரோகிராமர். இடது கையில் காப்பிக் கோப்பை. நான் அவரைப் பார்த்த முதல் ஒரு மணி நேரத்தில் அந்தக் கோப்பை கையை விட்டு இறங்கவே இல்லை. மூக்கைச் சொறிய வேண்டும் என்றாலும் வலது கைதான். மனசுக்குள் அவருக்குக் கோப்பை என்று பேர் வைத்துவிட்டேன்.

"எங்க, டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க," என்றாள் அக்கா.

இடது மெஷினில் சர்க்கரை அதிகமுள்ள சோதனைத் திரவம், வலது மெஷினில் குறைந்தது. பெயருக்குப் பதில் 'இடது', 'வலது' என்று சீட்டு ஒட்டினார்கள். கோப்பை எழுந்து போய் இடது பொத்தானைத் தட்டினார். ஒரு வாய் காப்பி. மேஜையைச் சுற்றி நடந்து வலது பொத்தானைத் தட்டினார். இன்னொரு வாய். தொண்ணூறு நொடி கழித்து ரிப்போர்ட்டுகள் கச்சிதமாக வந்தன. அதிகம் என்பது இடதுக்கு, குறைவு என்பது வலதுக்கு.

"சாஃப்ட்வேர் சொக்கத் தங்கம் மேடம். போன மாசம் மட்டும் நூறு தடவை இப்படி டெஸ்ட் பண்ணியிருக்கோம்," என்றார் மேனேஜர்.

"நூறு தடவையும் இவர்தானா?"

"இவர்தான்."

"காப்பியோடவா?"

மேனேஜருக்குக் கேள்வி புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஆனால் உதவியாளன் என்பதால் புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

"இப்ப நீங்க வழக்கமாச் செய்யற மாதிரி செய்யுங்க. அவசரம் வேண்டாம், அழகும் வேண்டாம். தினம் எப்படியோ அப்படி," என்று அண்ணியிடம் சொன்னாள் அக்கா.

அண்ணி இரண்டு டியூபையும் செருகினாள். மேஜை நடுவில் வந்து நின்றாள். இரண்டு கைகளையும் அகல விரித்தாள். பட்டென்று இரண்டு பொத்தான்களையும் ஒன்றாகத் தட்டினாள்.

"எப்பவுமே இப்படித்தானா?" அக்காவின் குரல் மாறியிருந்தது.

"பின்ன? காலையில நூத்தி நாப்பது டியூப் வந்து நிக்குது. மேஜையைச் சுத்தி உலாத்திக்கிட்டு இருந்தா யாரு முடிக்கறது? மத்த ரெண்டு பேருக்கும் கை எட்டாது. எனக்கு எட்டும்," என்றாள் அண்ணி. கொஞ்சம் பெருமை தெரிந்தது. நியாயமான பெருமைதான்.

அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலோரம் நிறுத்தினாள்.

"கேளு டிக்கெட். ரெண்டு மெஷினுக்கும் கம்ப்யூட்டர் உள்ள ஆளுக்கொரு குமாஸ்தா இருக்கான்னு வச்சுக்க. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஒரு ஸ்லேட்டு. தன் மெஷின் வேலையை முடிச்சதும் ஒருத்தன் நோயாளி பேரை ஸ்லேட்டுல எழுதுவான். போய் ரிசல்ட்டை எடுத்துட்டு வருவான். ஸ்லேட்டைப் பாத்து, அதுல இருக்கற பேர்ல ரிப்போர்ட் அடிப்பான். அவன் போயிட்டு வர்ற அந்த இம்மி நேரத்துல இன்னொருத்தன் வந்து, அந்தப் பேரை அழிச்சுட்டுத் தன் ஆள் பேரை எழுதிட்டா?"

"ரெண்டு ரிப்போர்ட்டும் ஒரே பேர்ல போகும். முதல் ஆளுக்கு ஒண்ணும் இருக்காது." சொல்லி முடிப்பதற்குள் கத்திவிட்டேன். "குடை!"

"குடையேதான். இந்தத் தொழில்ல இதுக்கு ரேஸ் கண்டிஷன்னு பேரு. ஓட்டப் பந்தயம். ஒருத்தர் நடந்து போய் ரெண்டாவது பொத்தானைத் தட்டினா குமாஸ்தாக்கள் மோதிக்க மாட்டாங்க. இந்த மாதிரி ரெண்டையும் ஒரே நொடியில தட்டினா மோதுவாங்க. ஒரு கையில காப்பியை வச்சுக்கிட்டு நூறு தடவை என்ன, நூறு வருஷம் டெஸ்ட் பண்ணினாலும் இது வெளிய வராது. அவங்க ஷிஃப்ட்ல மட்டும் ஏன் தப்பு வருதுன்னு தெரியுதா? இந்த லேப்ல ஒழுங்கா வேலை செய்யற ஆள் அவங்க ஒருத்தர்தான்."

தொண்ணூறு நொடி முடிந்தது. எல்லாரும் கம்ப்யூட்டரைப் பார்த்தோம்.

இடதுக்கு அதிகம். வலதுக்குக் குறைவு. இரண்டும் சரி.

"மறுபடியும்," என்றாள் அக்கா.

மறுபடியும் சரி. மூன்றாவது தடவையும் சரி. பன்னிரண்டு தடவை அண்ணி இரண்டு கையாலும் தட்டினாள், பன்னிரண்டு தடவையும் ரிப்போர்ட் மணி மணியாக வந்தது. ஒவ்வொரு தடவைக்கும் மேனேஜரின் சிரிப்பு ஒரு அங்குலம் அகலமாகிக்கொண்டே போனது. மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

"ஸ்லேட்டுக் கதை நல்லா இருந்துச்சு மேடம். என் பொண்ணுக்குச் சொல்றேன், தூங்கிடுவா," என்றார் மேனேஜர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி பேனாவை வாங்கிவிட்டாள். நாங்கள் நம்பிக்கை கொடுக்காமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வெறுங்கையோடு வந்து ஆசை காட்டிவிட்டோம்.

"என்ன டிக்கெட், மூஞ்சி தொங்குது?" என்றாள் அக்கா. அவள் மூஞ்சியும் தொங்கித்தான் இருந்தது.

"ஒண்ணுமில்ல. பழைய ஞாபகம். நான் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ஏறினா பஸ்ஸுல இருக்கறவன் எல்லாம் அரிச்சந்திரன். எவன் பையிலயும் டிக்கெட் இருக்கும். அதே நான் சாதாச் சட்டையில ஏறினா வண்டிக்குப் பதினாலு பேர் மாட்டுவான். நான் பாக்கறேன்னு தெரிஞ்சா ஒருத்தனும் தப்புப் பண்ண மாட்டான்க்கா."

அக்கா மெதுவாகத் திரும்பிக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு கறுப்புக் கட்டம் திறந்திருந்தது. அதில் வரி வரியாக எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

"அது என்னது?"

"அது... உள்ள நடக்கறதை ஒவ்வொரு படியா எழுதிக் காட்டும் மேடம். டெஸ்ட் பண்ணும்போது மட்டும் திறந்து வைப்போம்," என்றார் கோப்பை.

"தினசரி வேலையில?"

"மூடித்தான் இருக்கும்."

"மூடுங்க."

கோப்பை மேனேஜரைப் பார்த்தார். அக்கா கோப்பையைப் பார்த்தாள். அவர் மூடினார்.

அண்ணி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு மேஜை நடுவில் வந்து நின்று, கைகளை விரித்துத் தட்டினாள். சரியாக வந்தது. இரண்டாவது தடவையும் சரி. மூன்றாவது தடவை திரையில் இரண்டு ரிப்போர்ட் வந்தன. இரண்டிலும் 'வலது' என்று இருந்தது. 'இடது' என்று ஒரு ஜீவன் பிறக்கவே இல்லை என்பது போல அவன் பெயர் எங்கேயும் காணோம்.

நான் விசில் அடித்தேன். ஆஸ்பத்திரி என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

"கறுப்புக் கட்டம் திறந்திருந்தா குமாஸ்தா ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி எழுதியாகணும். அதை எழுதறதுக்கு ஒரே ஒரு பேனாதான். அதனால வரிசையில நிப்பாங்க, மோத மாட்டாங்க. மூடினா வரிசை இல்லை," என்றாள் அக்கா. பிறகு என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "பதினாறு வருஷம் பஸ்ஸுல தொங்கினது வீண் போகலடா!"

மேனேஜரின் சிரிப்புச் சுருங்கியது. ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நிமிஷத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, சின்ன விஷயம். யாருக்கும் தெரியாத, புத்தம் புதுப் பிரச்சினை. நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்ததுக்கு நன்றி. ஒரு பூட்டுப் போட்டுட்டா முடிஞ்சுது. ஒருத்தன் ஸ்லேட்டுல இருக்கும்போது இன்னொருத்தன் உள்ள வர முடியாது. அரை மணி நேர வேலை," என்றார்.

கோப்பை புரோகிராமைத் திறந்தார். வரிகளைச் சரசரவென்று கீழே தள்ளிக்கொண்டு போனார். அவ்வளவு வேகம் தேவையில்லை என்பது புரோகிராமே தெரியாத எனக்கே பட்டது.

"கொஞ்சம் மேல போங்க," என்றாள் அக்கா. "இன்னும். இன்னும். அங்க நிறுத்துங்க. இது என்ன?"

கோப்பை ஒரு வாய் காப்பி குடித்தார்.

"பூட்டுதானே? ஏற்கெனவே இங்க ஒரு பூட்டு இருக்கே."

"இருக்கு மேடம். ஆனா... வேலை செய்யாது."

"ஏன்?"

"ஒவ்வொரு குமாஸ்தாவும் உள்ள வரும்போது புதுசா ஒரு பூட்டைச் செஞ்சு, அதைத்தான் பூட்டிக்கறான்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "இருங்க இருங்க. கக்கூஸ் ஒண்ணு. அவசரமா வர்ற ஆள் ரெண்டு. ரெண்டு பேரும் வீட்டுலருந்து ஆளுக்கொரு கதவைத் தூக்கிக்கிட்டு வந்து, அவனவன் கதவை அவனவன் தாழ் போட்டுக்கிட்டு, பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கறான். அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட," என்றார் கோப்பை. பாவம், அவர் காது சிவந்துவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. திரைக்குக் கிட்டே போய் நின்றாள். "மேனேஜர் சார், யாருக்கும் தெரியாத புத்தம் புதுப் பிரச்சினைன்னு இப்பத்தான் சொன்னீங்க. திருடனே வராத வீட்டுல யாருக்குப் பயந்து பூட்டு வாங்கி மாட்டினீங்க?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

புரோகிராமில் ஒவ்வொரு வரியும் என்றைக்கு, யாரால், எதற்காக மாற்றப்பட்டது என்று பதிவு இருக்குமாம். பூட்டு போட்ட வரியின் தேதி எட்டு மாதத்துக்கு முந்தையது. காரணம் என்ற இடத்தில் ஒரு புகார் எண். அக்கா அந்த எண்ணைத் தட்டச் சொன்னாள். புகார் திரையில் வந்தது.

'இரண்டு மெஷினையும் ஒரே நேரத்தில் தட்டினால் சில சமயம் ஒருவர் பெயரிலேயே இரண்டு ரிப்போர்ட் வருகிறது. தயவுசெய்து உடனே பார்க்கவும். இது நோயாளிகள் விஷயம்.' எழுதியவர் என்ற இடத்தில் இருந்தது அண்ணியின் பெயர். கீழே: 'நிலை: தீர்க்கப்பட்டது. சோதனை: தேவையில்லை.' வந்த அன்றே, மாலை ஐந்து நாற்பதுக்கு முடித்து வைத்திருந்தார்கள். முடித்து வைத்தவர் மேனேஜர்.

"அன்னிக்கு மாசக் கடைசி," என்றார் கோப்பை, யாரையும் பார்க்காமல். "ஆறு மணிக்குள்ள பலகையில பூஜ்யம் வரணும்னார். பூட்டுப் போட்டுட்டேன், டெஸ்ட் பண்ண ஒரு நாள் குடுங்கன்னேன். பூட்டுன்னா பூட்டுதானே, அதுல என்ன டெஸ்ட்னார்."

பூஜ்யம் வந்துவிட்டது. தங்க வட்டமும் போட்டுவிட்டார்கள். நான் வாழ்க்கையில் எத்தனையோ பொய் டிக்கெட் பார்த்திருக்கிறேன். இவ்வளவு அலங்காரமாக ஒன்றை ஃப்ரேம் போட்டு மாட்டிப் பார்த்ததில்லை.

"அண்ணி, நீங்களே எழுதியிருக்கீங்க. இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்று நான் கத்தியே விட்டேன்.

"சரி பண்ணிட்டோம்னு பதில் வந்துச்சு மாப்பிள்ளை. புகார் எழுதின அன்னிக்கு ஒரு கையாலதான் தட்டினேன். சரியாயிடுச்சுன்னு சொன்னதுக்கப்புறம்தான் மறுபடி ரெண்டு கைக்கு வந்தேன். அவங்க சரி பண்ணியிருப்பாங்க, அதனால இப்ப தப்பு வேற எங்கயோ இருக்கு, என் கையிலதான் இருக்குன்னு நெனச்சேன்." அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். "பதினஞ்சு நாளா என் கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எது முந்திக்கொள்ளும் என்று தெரியாததால் குளிர்பெட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

மேனேஜர் ஒரு முக்கியமான போன் வந்ததாகச் சொல்லி வெளியே போனார். போன் அடித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

கோப்பை தன் கோப்பையைக் கீழே வைத்தார். "வெளியில ஒரே பூட்டா மாத்திடறேன் மேடம். ரெண்டு பேரும் அதையே பூட்டற மாதிரி."

"பூட்டே வேண்டாம். ஸ்லேட்டைத் தூக்கி எறிங்க," என்றாள் அக்கா. "ஆளுக்கொரு சீட்டு குடுங்க. தன் நோயாளி பேரைத் தன் கையிலயே வச்சுக்கட்டும். பொதுவா ஒண்ணை வச்சுட்டு அதுக்கு ஏன் காவல் போடணும்?"

இரண்டு கையாலும் தட்டச்சு செய்தால் அவர் படுவேகம். இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்தார். கறுப்புக் கட்டத்தை மூடி, அண்ணி இருபது தடவை இரண்டு கையாலும் தட்டினாள். இருபதும் சரி. நான் கை தட்டப் போனேன்.

"நிறுத்து. முன்னாடி பன்னண்டு தடவை சரியா வந்துச்சே, மறந்துட்டியா? சரியா வந்துச்சுன்னு சொல்லாதீங்க. தப்பா வரவே முடியாது, ஏன்னு சொல்லுங்க," என்று அக்கா கோப்பையை மடக்கினாள். அவர் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். அக்கா நாலு இடத்தில் நொட்டை சொன்னாள். நாலாவதுக்கு அவரே சிரித்துவிட்டார். மணி இரண்டு ஐம்பத்தைந்து.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை. நடுநாற்காலியில் பரிசோதனைக் கூடத்தின் தலைமை டாக்டர். வயதான பெண்மணி, மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பழக்கம். அக்கா பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். புகாரின் பிரதியை மேஜை மேல் வைத்தாள். அந்தக் காகிதம் மேனேஜர் இருந்த பக்கம் போனபோது அவர் அதைத் தொடாமல் அடுத்தவருக்குத் தள்ளினார்.

டாக்டர் புகாரை இரண்டு தடவை படித்தார். பிறகு அண்ணியைப் பார்த்து, "உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்பும்மா. மன்னிச்சுக்க. நாளைக்கே வேலைக்கு வந்துடு," என்றார். கையெழுத்துக் கேட்ட அந்தக் காகிதத்தை அக்காவிடமிருந்து வாங்கித் தானே நாலாகக் கிழித்தார்.

அண்ணி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். போகட்டும், 'இவரா'வை மன்னித்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"டாக்டர், இன்னும் ஒண்ணு பாக்கி," என்றாள் அக்கா. மறு ரத்தப் பதிவேட்டை விரித்து, அதை வைத்துக் கோப்பை கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் கொடுத்த பெயர், போன் நம்பர் பட்டியலையும் பக்கத்தில் வைத்தாள். "நீங்க ரெண்டு மாசம்தான் புரட்டினீங்க. இது எட்டு மாசம். ரிசல்ட் வராமப் போனவங்க அறுபத்தி மூணு பேர். ஒவ்வொருத்தருக்கும் நேரா, ரெண்டு ரிசல்ட் வாங்கின இன்னொருத்தர் இருக்கார். கடைசியா வந்ததுதான் அவர் ரிப்போர்ட்டுல நின்னிருக்கும். அது அவரோடதாவும் இருக்கலாம், அடுத்தவரோடதாவும் இருக்கலாம். பதினோரு பேர் தெரிஞ்சு போச்சு. மீதி அம்பத்தி ரெண்டு பேர்ல பாதிப் பேருக்குச் சரியாவே இருக்கும். எந்தப் பாதின்னு கம்ப்யூட்டருக்கே தெரியாது."

மேனேஜர் முன்னால் சாய்ந்தார். பேச்சு வந்துவிட்டது அவருக்கு. "டாக்டர், கொஞ்சம் யோசிங்க. சாஃப்ட்வேரைச் சரி பண்ணியாச்சு. இவங்க வேலையும் பத்திரம். வேணும்னா சீனியரா உயர்த்திடுங்க, எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனா அம்பத்தி ரெண்டு பேருக்குப் போன் பண்ணினா நாளைக்குப் பேப்பர்ல வரும். இந்த லேபை இழுத்து மூடணும். இங்க யாருக்குமே வேலை இருக்காது. இவங்களுக்கும்தான். எட்டு மாசம் ஆச்சு, யாரும் ஒண்ணும் சொல்லல. இனிமேலும் சொல்ல மாட்டாங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். மறுக்கவில்லை. மேஜையைச் சுற்றி இருந்த நாலு பேரும் அண்ணியைப் பார்த்தார்கள். நீயே வேண்டாம் என்று சொல்லிவிடு, எங்களுக்கு நிம்மதி என்கிற பார்வை. பத்து நிமிஷத்துக்கு முன்தான் அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்திருந்தது.

அண்ணி பெயர்ப் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தாள். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு போனாள்.

"இந்த ரத்தம் எல்லாம் நான் எடுத்தது டாக்டர்," என்றாள். "வலிக்காதுன்னு சொல்லி எடுத்தேன்."

மேஜை மேல் இருந்த தொலைபேசியை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை, தடுத்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டாள். பட்டியலின் முதல் எண்ணைத் தட்டினாள். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

"அம்மா, ஆஸ்பத்திரி லேப்லருந்து பேசறேன். எட்டு மாசத்துக்கு முன்னால இங்க ரத்தம் குடுத்தீங்க. அந்த ரிப்போர்ட் உங்களோடது இல்லாம இருக்கலாம். இல்லைம்மா, நீங்க ஒண்ணும் பண்ணல. தப்பு எங்களோடது. நாளைக்கு வாங்க, மறுபடி எடுத்துப் பாத்துடலாம்."

எதிரில் குரல் உயர்ந்தது. திட்டுகிறார்கள் என்று எங்களுக்கே கேட்டது. அண்ணி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முழுக்கக் கேட்டாள். கடைசியில், பேசுவது யார், உன் பேர் என்ன என்று கேட்டார்கள் போலிருக்கிறது.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேனேஜரை நேராகப் பார்த்தபடி, இனிஷியலோடு தன் முழுப் பேரையும் சொன்னாள்.